ஞாயிற்றுக்கிழமையை ஆற்றுக்குக் கொடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

வேலை மாற்றலில் திருநெல்வேலிக்குக் குடிவந்த குடும்பங்கள் இங்கே நிறைய உண்டு. வீடு பிடித்து, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து, கேஸ் இணைப்பை மாற்றி முடித்ததும் முதல் ஞாயிற்றுக்கிழமை வந்து நிற்கும். எங்கே போகலாம் என்று அக்கம்பக்கத்தில் கேட்டால் குற்றாலம், திருச்செந்தூர், கன்னியாகுமரி என்று மூன்று பேர் சொல்வார்கள். அந்த மூன்றையும் பார்த்து முடித்ததும் பழையபடி டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுகிறோம். அப்படி உட்கார்ந்திருப்பவர்களுக்கும், "இங்கேயே பிறந்து வளர்ந்தாச்சு, இனி என்ன இருக்கு பார்க்க" என்று இருப்பவர்களுக்கும் சேர்த்து இன்று பேசுகிறேன். நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: உங்கள் ஞாயிற்றுக்கிழமைகளைத் தாமிரபரணிக்குக் கொடுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் ஆம்பூர், பாலாற்றங்கரை. எங்கள் பக்கத்தில் ஆறு என்றால் மணல். அதையும் அள்ளியது போக மிச்சம்தான். தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்து கிணற்றுத் தண்ணீரே கெட்டுப்போன ஊர்கள் அங்கே எத்தனையோ. அப்படிப்பட்ட இடத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு வந்தவளுக்கு, சித்திரை வெயிலில் சுலோச்சன முதலியார் பாலத்துக்குக் கீழே தண்ணீர் ஓடுவது சாதாரண விஷயம் இல்லை. 1843இல் திறந்த பாலம் அது. தன் சொந்தப் பணத்தைப் போட்டு அதைக் கட்டிக்கொடுத்தவர் சுலோச்சன முதலியார். தினமும் அதைக் கடந்து வேலைக்குப் போகிற எத்தனை பேர் வண்டியை ஒரு ஓரமாக நிறுத்திக் கீழே பார்க்கிறோம்?

தாமிரபரணி பிறக்கிற பொதிகை மலைக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. அதனால்தான் இந்த ஆறு வற்றுவதில்லை. பிறப்பதிலிருந்து புன்னைக்காயலில் கடலில் சேர்வது வரை தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடுகிறது. மொத்த நீளமே 128 கிலோமீட்டர்தான். மலையும் கடலும் இவ்வளவு பக்கத்தில் இருக்க, நடுவே வற்றாத ஒரு ஆறு. வாரக்கடைசியில் ஊர் சுற்ற இதைவிட என்ன வேண்டும்? நெல்லையிலிருந்து மேற்கே ஒரு ஞாயிறு, கிழக்கே ஒரு ஞாயிறு என்று வைத்துக்கொள்ளலாம்.

மேற்கே அம்பாசமுத்திரம் சாலையில் போனால் முதலில் பத்தமடை. பத்தமடைப் பாயின் பெயரைக் கேள்விப்படாதவர்கள் இல்லை. அதை நெய்வதைப் பார்த்தவர்கள்தான் குறைவு. கோரையை ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போடுகிறார்கள். அது நன்றாக ஊறி உப்பியதும் எடுத்துக் காயவைத்து, மெல்லிய இழைகளாகக் கிழிக்கிறார்கள். பெரும்பாலும் லெப்பை முஸ்லிம் வீடுகளில் பெண்கள்தான் தறியில் உட்காருகிறார்கள். நூல் பாவில் அந்த இழைகளை ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டே வர வேண்டும். பட்டுப் பாய் என்று சொல்லும் நயமான பாயைக் கையில் எடுத்தால் துணி மாதிரி மடங்குகிறது. கல்யாணத்துக்கு என்றால் மணமக்கள் பெயரையே பாயில் நெய்து தருகிறார்கள். பேரம் பேசாமல் வாங்குங்கள் என்பது என் வேண்டுகோள். ஒரு நல்ல பாய்க்குப் பின்னால் எத்தனை நாள் முதுகுவலி இருக்கிறது என்பது அந்தத் திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் புரிந்துவிடும்.

பத்தமடை தாண்டிச் சேரன்மகாதேவி, அப்புறம் வீரவநல்லூர். அங்கிருந்து வடக்கே திரும்பினால் திருப்புடைமருதூர். நெல்லை மாவட்டத்தில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் போக முடியும் என்றால் நான் இங்கேதான் போவேன். கடனாநதி தாமிரபரணியோடு சேருகிற இடத்தில் நாறும்பூநாதர் கோயில். ராஜகோபுரத்துக்கு உள்ளே ஐந்து நிலைகளிலும் சுவர் முழுக்க ஓவியம். தூண்களும் உத்தரங்களும் மரம், அவற்றிலும் செதுக்கு வேலை. கோயிலில் அனுமதி கேட்டுத்தான் ஏற முடியும். உள்ளே இருட்டு, கண் பழகக் கொஞ்ச நேரம் ஆகும். பழகியதும் கடலில் ஒரு கப்பல் தெரியும். கப்பலுக்குள் குதிரைகள்! பொதிகை அடிவாரத்துக் கோபுரத்தில் உட்கார்ந்து ஒரு ஓவியன் அரபுக் குதிரை வியாபாரத்தை வரைந்து வைத்திருக்கிறான். தயவுசெய்து சுவரைத் தொடாதீர்கள், பிள்ளைகளையும் தொட விடாதீர்கள்.

வெளியே வந்தால் மருத மரங்களில் பறவைகள் கூடு கட்டியிருக்கும். இங்கே பறவைகளைக் காப்பது ஊர்க்காரர்களே. 2005இல் இந்த இடத்தைப் பறவைகள் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். ஆற்றங்கரை மண்டபத்தில் உட்கார்ந்து கட்டுச்சோற்றை அவிழ்த்துச் சாப்பிடலாம். சாப்பிட்ட இலையையும் தண்ணீர் பாட்டிலையும் திரும்ப எடுத்து வர ஒரு பையைக் கொண்டுபோவது நல்லது.

அதே சாலையில் இன்னும் மேற்கே போனால் கல்லிடைக்குறிச்சி. அங்கே அப்பளம் வாங்காமல் வரக்கூடாது. முடிவில் பாபநாசம். இங்கே ஒரு விஷயத்தை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. பரிகாரம் என்று உடுத்தியிருந்த துணியை ஆற்றில் விட்டுவிட்டுப் போகிறார்கள். குளிக்க இறங்கினால் காலில் சேலையும் வேட்டியும் சுற்றுகின்றன. தன்னார்வலர்கள் அவ்வப்போது இறங்கி மூட்டை மூட்டையாக எடுத்துப் போடுகிறார்கள். மறுபடியும் சேர்கிறது. கீழே நெல்லை நகரத்துக்குள் வந்தால் கழிவுநீர் கலக்கிறது. ஆறு கெட்டுப்போன ஊரில் வளர்ந்தவள் என்பதால் சொல்கிறேன்: ஆறு ஒரே நாளில் கெடுவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும்போது யாருக்கும் அது பெரிதாகத் தெரிவதில்லை.

குற்றாலம் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று மட்டும். அருவியில் விழுகிற சிற்றாறும் கடைசியில் சீவலப்பேரியில் வந்து தாமிரபரணியோடுதான் சேருகிறது. சீசன் ஞாயிற்றுக்கிழமை பகலில் போனால் தலைகளைத்தான் பார்க்கலாம், விடிகிற நேரத்துக்கே போய்விடுங்கள். திரும்பும்போது பிரானூர் பார்டரில் பரோட்டாவும் கோழியும். ஆடி மாதமாக இருந்தால் சுந்தரபாண்டியபுரம் பக்கம் ஒரு சுற்று போய் வாருங்கள், சூரியகாந்தி பூத்திருக்கும்.

சரி, கிழக்கே வருவோம். திருச்செந்தூர் சாலையில் எல்லாரும் முருகனைப் பார்க்கிற அவசரத்தில் பறக்கிறோம். கிருஷ்ணாபுரத்தில் இறங்கி வேங்கடாசலபதி கோயில் சிற்பங்களைப் பாருங்கள். நாயக்கர் காலத்து வேலை, நகக்கண் வரை தெரிகிற மாதிரி செதுக்கியிருக்கிறார்கள். அடுத்து ஆதிச்சநல்லூர், இறந்தவர்களைத் தாழிகளில் வைத்துப் புதைத்த பழங்கால இடுகாடு. நூறு வருஷத்துக்கு முன்னாலேயே தொல்லியல் ஆய்வாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டிப் பார்த்த மேடு. இப்போது தாழிகளை இருந்த இடத்திலேயே விட்டு, மேலே கண்ணாடி போட்டிருக்கிறார்கள். இந்த ஆற்றங்கரையில் நமக்கு முன்னால் குடியிருந்தவர்களின் தாழிகள் நம் காலுக்கு நேர் கீழே இருக்கின்றன. பிள்ளைகளை அழைத்துப் போக வேண்டிய இடம்.

ஸ்ரீவைகுண்டத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு 2023 டிசம்பர் வெள்ளம் நினைவுக்கு வரும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சிக்கி, ஏறக்குறைய 800 பேர் வெளியே வர முடியாமல் நின்றார்கள். பக்கத்துப் புதுக்குடி மக்கள் அவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். அந்த ஊர் மக்களின் வீடுகளைச் சுற்றியும் அன்றைக்கு வெள்ளம்தான். அந்த வழியாகப் போனால் அந்த ஊரில் ஒரு டீயாவது குடித்துவிட்டுப் போவோமே.

உடன்குடிப் பக்கம் போவதென்றால் பங்குனி, சித்திரையில் போங்கள், பதனிக் காலம். புளிக்காமல் இருக்கச் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கி, பனையோலைப் பட்டையில் ஊற்றித் தருவார்கள். அதே பதனியைத்தான் மணிக்கணக்காகக் காய்ச்சி, பாகு பதத்தில் சிரட்டைகளில் ஊற்றிக் கருப்பட்டி ஆக்குகிறார்கள். சிரட்டையின் அடிப்பக்கம் எப்படி இருக்குமோ அப்படியே உருண்டையாக வரும். அங்கிருந்து தேரிக்காடு பக்கம்தான். செக்கச்செவேல் என்று மணல் மேடுகள். வெயில் ஏறிவிட்டால் கால் வைக்க முடியாது, காலையிலேயே பார்த்துவிட வேண்டும். சாயங்காலம் மணப்பாடு. பிரான்சிஸ் சேவியர் தங்கிய குகை, மேட்டின்மேல் திருச்சிலுவைக் கோயில், கீழே கடல். அங்கே உட்கார்ந்தால் எழுந்து வர மனசு வராது.

ஊர் சுற்றிவிட்டு வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் சொதிதான். பக்கத்து வீட்டு ஆச்சி சொல்லிக்கொடுத்தது. இந்த ஊரில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்கு வைக்கிற சொதி. தேங்காய்ப்பாலை மூன்றாகப் பிழிந்து வைத்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் பாலில் காய்கள் வேகும், அப்புறம் இரண்டாம் பால், வெந்த பாசிப்பருப்பு, இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்த விழுது. கெட்டியான முதல் பாலை இறக்குகிற நேரத்தில்தான் ஊற்ற வேண்டும், கொதித்தால் திரிந்துவிடும். எலுமிச்சைச் சாறு இறக்கிய பிறகுதான். தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். "தேங்காப்பால் வயித்துல மந்தமா கெடக்கும், இஞ்சி இல்லாம சாப்பிட்டுராதிய" என்பார் ஆச்சி. அவசர நாள் என்றால் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் போதும்.

மார்கழி ஞாயிறுகளில் நவகைலாயத்துக்கு அரசுப் பேருந்துக் கழகமே சிறப்புப் பேருந்து விடுகிறது. பாபநாசத்தில் தொடங்கிச் சேர்ந்தபூமங்கலம் வரை ஒன்பது கோயில்கள், எல்லாம் ஆற்றை ஒட்டியவை. கார் இல்லாதவர்களும் ஒரே நாளில் ஆற்றை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிடலாம். தை பிறந்ததும் கூந்தன்குளம். மணிமுத்தாறு அணைத் தண்ணீர் வந்து சேரும் குளம் அது. இமயத்தைத் தாண்டி வரித்தலை வாத்துகள் வருகின்றன. பறவைகள் மிரளும் என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. நாமும் ஹார்ன் அடிக்காமல் போய் வர வேண்டும்.

வருகிற மார்கழியில் ஆச்சியையும் கூட்டிக்கொண்டு அந்தச் சிறப்புப் பேருந்தில் போவதாக இருக்கிறோம். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், ஆனால் சேர்ந்தபூமங்கலத்தை இன்னும் பார்த்ததில்லையாம். கட்டுச்சோறு தன் பொறுப்பு என்று இப்போதே சொல்லிவிட்டார்.

நன்றி, வணக்கம்.