அப்பன் நிலக்கிழார், பிள்ளை எதிரி: மாவோ காலத்துச் சீனாவில் பிறப்பு என்ற குற்றம்

[திரையில்: பழைய படிவம் ஒன்று. பெயர், பிறந்த தேதி, அதற்கடுத்து ஒரு காலிக் கட்டம்.]

மாவோ காலத்துச் சீனாவில் பள்ளிக்கூடமோ, வேலையோ, ஆளும் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர் பதவியோ, எதற்கு மனுப் போட்டாலும் இந்தக் கட்டத்தை நிரப்பியாக வேண்டும்: குடும்பத்தின் வர்க்கம். 'ஏழை விவசாயி' என்று எழுதினால் கதவு திறக்கும். 'நிலக்கிழார்' என்று எழுத வேண்டிய வீட்டில் பிறந்திருந்தால், எவ்வளவு மார்க் வாங்கியும் பிரயோஜனமில்லை.

மாவோ என்றதும் பேச்சு பெரும்பஞ்சத்துக்கோ, அவருடைய மாணவர் படையான செங்காவலர்களுக்கோ போய்விடும். இந்த வீடியோவில் நாம் இந்த ஒரு கட்டத்தை மட்டும் பார்க்கலாம்.

தொடக்கம் 1950-ன் நிலச்சீர்திருத்தச் சட்டம். கட்சியின் பணிக்குழுக்கள் ஊர் ஊராக வந்து இறங்கின. எவ்வளவு நிலம் இருக்கிறது, தானே உழுகிறாரா, குத்தகைக்கு விடுகிறாரா, ஆள் வைத்துப் பார்க்கிறாரா என்றெல்லாம் விசாரித்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு முத்திரை குத்தினார்கள்: நிலக்கிழார், பணக்கார விவசாயி, நடுத்தர விவசாயி, ஏழை விவசாயி, கூலியாள்.

இதில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. சுமார் 30 கோடி விவசாயிகளுக்கு நிலம் கிடைத்தது. விளைந்ததில் பாதியைக் குத்தகையாக அளந்தே ஓய்ந்துபோனவர்கள் சொந்த வயலில் கால் வைத்தார்கள். ஆனால் நிலக்கிழார்களை ஊர்நடுவே நிறுத்தி, ஊராரை விட்டே குற்றம்சாட்ட வைத்து, லட்சக்கணக்கானவர்களைக் கொன்றதும் இதே காலத்தில்தான்.

[திரையில்: கம்யூன் வயலில் வரிசையாக நாற்று நடுபவர்கள்.]

சரி, அதோடு கணக்கு தீர்ந்ததா? இல்லை. 1958-ல் மக்கள் கம்யூன்கள் என்ற பெரிய கூட்டுப்பண்ணைகள் வந்தன. நிலம் முழுக்கப் பொதுவாயிற்று. முன்னாள் நிலக்கிழாரும் முன்னாள் கூலியாளும் ஒரே வயலில் இறங்கி, கூலிக்குப் பதிலாகக் கணக்கில் எழுதப்பட்ட வேலைப்புள்ளிக்கு உழைத்தார்கள். நிலம் போய்விட்டது, முத்திரை மட்டும் போகவில்லை. தந்தை வழியாக அது பிள்ளைக்கு இறங்கியது. 1960-ல் பிறந்த குழந்தைக்குச் சொந்தமாக ஒரு பிடி மண் கிடையாது. ஆனாலும் அது நிலக்கிழார் வீட்டுப் பிள்ளை.

இதன் வலி அதிகம் தெரிந்தது கல்யாணப் பேச்சில். முத்திரை தந்தை வழியில் போவதால், நிலக்கிழார் வீட்டுப் பெண் ஓர் ஏழை விவசாயி வீட்டுக்கு மருமகளாகப் போனால் அவள் பிள்ளைகள் தப்பித்தார்கள். அவள் அண்ணனுக்கு அந்த வழி இல்லை. தன் பேரக்குழந்தை எதிரியாகப் பிறக்கட்டும் என்று யார் பெண் கொடுப்பார்கள்? பல ஊர்களில் இந்த வீட்டு ஆண்கள் கடைசிவரை கல்யாணம் ஆகாமலேயே இருந்தார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுத்துச் சமாளித்த குடும்பங்களும் உண்டு.

கட்சி அதிகாரபூர்வமாகச் சொன்னது வேறு: வர்க்கப் பின்னணி முக்கியம், ஆனால் அதுவே எல்லாம் அல்ல, நடத்தையைத்தான் பார்ப்போம். காகிதத்தில் நன்றாகத்தான் இருந்தது.

[திரையில்: 1966, பெய்ஜிங்.]

பழமையையும் 'வர்க்க எதிரி'களையும் ஒழிக்கப்போவதாக மாவோ கிளப்பிய கலாசாரப் புரட்சி தொடங்கியதும் அந்தப் பூச்சும் உதிர்ந்தது. பெய்ஜிங் பள்ளிகளில் ஒரு முழக்கம் பரவியது: 'அப்பன் வீரன் என்றால் மகன் தீரன், அப்பன் எதிரி என்றால் மகன் கழிசடை.' அதைக் கூவியவர்களில் பலர் உயர் அதிகாரிகளின் பிள்ளைகள். புதிய பிரபுக்கள் உருவாகிவிட்டார்கள் என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

அந்த ஆகஸ்ட் மாதக் கடைசியில், பெய்ஜிங்கை ஒட்டிய டாஷிங் வட்டத்தில் இப்படி முத்திரை குத்தப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த 325 பேர் சில நாட்களுக்குள் கொல்லப்பட்டார்கள். மூத்தவருக்கு வயது 80. இளையது பிறந்து 38 நாள்.

இதை எதிர்த்து எழுதியவர் யூ லுவோகே. பெற்றோர் இருவரும் கட்சிக்கு எதிரான 'வலதுசாரிகள்' என்று ஒதுக்கப்பட்டவர்கள். நன்றாகப் படித்தும் பல்கலைக்கழகம் இவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பெய்ஜிங்கில் ஒரு தொழிற்சாலையில் பயிற்சித் தொழிலாளியாக இருந்தார். 1967 ஜனவரியில் மாணவர்கள் நடத்திய ஒரு பத்திரிகையில் குடும்பப் பின்னணி பற்றிய இவர் கட்டுரை வந்தது. ஒருவரை உருவாக்குவதில் வீட்டைவிட சமூகத்துக்கே பங்கு அதிகம் என்பது அவர் வாதம். கூடவே ஒரு கேள்வியும் கேட்டார்: அமெரிக்காவின் கறுப்பர்கள், இந்தியாவின் சூத்திரர்கள், ஜப்பானின் தீண்டத்தகாதவர்கள், இவர்களை நடத்தும் முறைக்கும் நாம் செய்வதற்கும் என்ன வித்தியாசம்?

இந்தியாவைப் பார்த்திராத ஓர் இளைஞர் 1967-ல் பெய்ஜிங்கில் இதைக் கேட்டிருக்கிறார். பத்திரிகையைத் தேடித்தேடி வாங்கினார்கள், படியெடுத்துப் பரப்பினார்கள். சில மாதங்களில் மேலிடம் அந்தக் கட்டுரையை 'விஷச் செடி' என்றது. 1968 ஜனவரியில் கைது. 1970 மார்ச் 5 அன்று பெய்ஜிங் தொழிலாளர் அரங்கில் பெருங்கூட்டத்தின் முன் தீர்ப்பை வாசித்துவிட்டு, அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 27.

மாவோ இறந்தது 1976-ல். 1977 குளிர்காலத்தில் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு திரும்பி வந்தது. 57 லட்சம் பேர் எழுதி, சுமார் 2.7 லட்சம் பேருக்கு இடம் கிடைத்தது. 1979 ஜனவரியில் நிலக்கிழார், பணக்கார விவசாயி முத்திரைகளை நீக்க கட்சி முடிவெடுத்தது. யூ லுவோகே குற்றமற்றவர் என்று நீதிமன்றம் சொன்னதும் அதே ஆண்டில்தான்.

அப்புறம் என்ன ஆயிற்று என்பது சுவாரஸ்யமானது. 2020-ல் வெளியான ஒரு பொருளாதார ஆய்வு, 1949-ன் கம்யூனிஸ்ட் புரட்சிக்கு முன் வசதியாக இருந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று மற்றவர்களைவிடச் சுமார் 16 சதவீதம் அதிகம் சம்பாதிக்கிறார்கள் என்கிறது. இதைப் பிடித்துக்கொண்டு 'புரட்சியால் எதுவுமே மாறவில்லை' என்று சிலர் கிளம்பிவிட்டார்கள். எனக்கு அது அவசரத் தீர்ப்பாகப் படுகிறது. பழைய இடைவெளி இதைவிட எவ்வளவோ பெரியது. அதோடு, தாத்தாவுக்கும் பேரனுக்கும் நடுவில் ஒரு தலைமுறை இருக்கிறது. அதே ஆய்வில் அந்தத் தலைமுறைக்குப் படிப்பிலோ வருமானத்திலோ எந்த முன்னிலையும் இல்லை. படிவத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பியவர்கள் அவர்கள்தான்.