பித்தளைக் கதவைத் தட்டினா வேற எப்படிக் கேட்கும்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சபையோரே, வணக்கம். மணி அடிக்கிறவர் இப்பவே என்னைப் பார்க்கிறதால நேரா வந்துடுறேன்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். 1998ல ஜெர்மனி மெட்டல் இசைக்குழு, அதான் அதிரடி ராக் கோஷ்டி, பிளைண்ட் கார்டியன், எழுத்தாளர் டோல்கீனோட 'சில்மரில்லியன்' கதையை வச்சுப் போட்ட 'நைட்ஃபால் இன் மிடில்-எர்த்' ஆல்பம் இன்னைக்கும் நிக்குதுன்னா, அதுக்குக் காரணம் டோல்கீன் எழுதின கதையா, இவங்க போட்ட இசையா? நான் இசை அணி. தலைப்பைப் பத்திப் பேசலாம்னுதான் வந்தேன். ஆனா எனக்கு முன்னால பேசின நண்பர் ஒண்ணைச் சொல்லிட்டுப் போய் உட்கார்ந்துட்டாரு. "கதை தங்கம். இசை, பித்தளைப் பாத்திரக் கடையில எலி புகுந்த சத்தம்"னாரு. நீங்க கைதட்டினீங்க. நானும்தான் தட்டினேன், நல்லாத்தானே இருந்துச்சு!

ஆனா ஐயா, அதைச் சொல்லும்போது அவர் கையில எந்தப் புத்தகம் இருந்துச்சு? டோல்கீன் மகன் கிறிஸ்டோபர் 1977ல பதிப்பிச்ச 'சில்மரில்லியன்'. அங்கதான் மாட்டிக்கிட்டாரு. அதுல ஃபிங்கோல்ஃபின் சாகிற பக்கத்தைத் திறந்து பாருங்க. எல்ஃப்ங்கிற மாயக்கதை இனத்துக்கு ராஜா. போர்ல எல்லாம் போச்சுன்னு நினைக்கிறாரு. கோபம் தலைக்கேறி, துணைக்கு ஒரு ஆள் இல்லாம குதிரையேறிப் போறாரு. எங்கே? கதையோட வில்லன் மோர்கோத்தோட கோட்டை ஆங்பாண்டுக்கு. ஆங்பாண்ட்னா இரும்புச் சிறை. போய் வாசக்கதவை ஓங்கி அடிக்கிறாரு. அந்தக் கதவு எதுல செஞ்சதுன்னு டோல்கீன் எழுதியிருக்காரு?

பித்தளை!

பித்தளைக் கதவை அடிச்சா பித்தளைச் சத்தம் வராம வீணைச் சத்தமா வரும்?

இன்னும் கேளுங்க. உள்ளே இருக்கிறவன் மலை மாதிரி உசரம். ஆனா வெளியே வர மனசில்லை. வாலார்னு சொல்ற அந்தத் தேவர் கூட்டத்துலயே பயம்னா என்னன்னு தெரிஞ்ச ஒரே ஆள் அவன்தான். ராஜா வாசல்ல நின்னு கொம்பு ஊதுறாரு. கோழைங்கிறாரு, அடிமைகளுக்கு எஜமான்ங்கிறாரு. தளபதிங்க எல்லாம் முதலாளி மூஞ்சியைப் பார்க்கிறாங்க. கடன்காரன் தெருவுல நின்னு பேரைச் சொல்லிக் கூப்பிட்டா, சம்சாரம் முன்னால எத்தனை நேரம்யா கட்டிலுக்கு அடியில இருக்க முடியும்? வர்றான். மெதுவா வர்றான்.

கையில க்ரோண்ட்னு ஒரு சம்மட்டி. அடிச்சா தரையில பள்ளம், பள்ளத்துலேருந்து புகை, நெருப்பு. ராஜா தாவித் தாவி விலகுறாரு. விலகிக்கிட்டே 7 வெட்டு. வெட்டுக்கு ஒரு அலறல், மொத்தம் 7. நடுவுல 3 தரம் முழங்கால்ல விழுந்து 3 தரமும் எழுந்திருக்காரு. கடைசியில எதனால விழுந்தாரு? அந்தச் சம்மட்டி தோண்டின பள்ளத்துல கால் இடறி! கழுத்து மேல மோர்கோத் இடது காலை வைக்கிறான். உயிர் போற நேரத்துல ராஜா அந்தக் காலை வெட்டுறாரு. அன்னைலேருந்து அவன் நொண்டி.

இந்தச் சண்டைதான் 13ஆவது டிராக், 'டைம் ஸ்டாண்ட்ஸ் ஸ்டில்'. பித்தளைக் கதவு, கொம்பு, சம்மட்டி, 7 அலறல். நண்பர் இதுக்குப் புல்லாங்குழல் வைப்பாரோ?

சரி, எலிக்கு வர்றேன். எலி புகுந்தா சத்தம் தானா வரும். மெட்டல்ல எதுவும் தானா வராது. ஒரு ரிதம் கிடாரை ரெக்கார்ட் பண்ணினா, அதையே முதல்லேருந்து மறுபடி வாசிச்சு, ஒண்ணை இடது ஸ்பீக்கர்லயும் மத்ததை வலதுலயும் வைக்கணும். சோம்பல்பட்டு முதல் டேக்கையே காப்பி பண்ணி வச்சா, ரெண்டும் அச்சு அசலா ஒண்ணா இருக்கிறதால நடுவுல ஒத்தைக் கிடாரா சுருங்கிடும். ரெண்டு வாசிப்புக்கும் இருக்கிற நூலிழை வித்தியாசம்தான் அந்த அகலம். டிஸ்டார்ஷனை, அதான் கிடாரோட அந்தக் கரகரப்பை, ஏத்திட்டுப் பல சுரம் சேர்ந்த முழு கார்டு பிடிச்சா சுரங்கள் மோதிக் கூழாகும், அதனாலதான் ஸவும் பவும் மட்டும் எடுத்து பவர் கார்டு. வலது உள்ளங்கை ஓரம், கம்பி வந்து முடியிற பிரிட்ஜை ஒட்டிக் கம்பி மேல படணும். கொஞ்சம் முன்னால நகர்ந்தா சுரம் செத்துடும், பின்னால போயிட்டா கம்பி அடங்காது. குரல் அடுக்குறது இன்னொரு பாடு. கோரஸ்ல ஆளுக்கொரு நேரத்துல 'ஸ்'னு முடிச்சா பாம்புப் புத்து மாதிரி சீறும். இந்த ஆல்பத்துல பாடகர் ஹான்சி கூர்ஷ் அதுவரைக்கும் வாசிச்ச பேஸ் கிடாரைக் கீழே வச்சுட்டுப் பாட மட்டும் செஞ்சாரு. பேஸுக்கு ஒலிவர் ஹோல்ஸ்வார்த்தைக் கூப்பிட்டாங்க. எந்த எலி ஐயா இவ்வளவு மெனக்கெடும்?

"22 டிராக், அதுல 11 வெறும் பேச்சும் சத்தமும்"னு இன்னொரு குத்தல். வில்லுப்பாட்டுல பேச்சை எடுத்துட்டா என்ன மிச்சம்? 12ஆவது டிராக் பேரே 'திடீர் நெருப்பின் போர்'. அதைத் தாண்டிக் குதிச்சா ராஜா ஏன் தனியா போறாருன்னு புரியாது. நண்பர் போன்ல ஷஃபிள் போட்டுக் கேட்டிருப்பாரு, பாவம்.

சண்டையை விடுங்க. அட்டைப்படத்தைப் பார்த்தீங்களா? மோர்கோத்தோட சிம்மாசனத்துக்கு முன்னால ஒரு பொண்ணு ஆடுறா. லூத்தியன். அவ காதலன் பெரன் செத்துப்போறான். செத்தவங்களுக்கு நீதி சொல்ற மாண்டோஸ் முன்னால போய் நிக்கிறா. கத்தி இல்லை, படை இல்லை. பாடுறா. அதுவரைக்கும் இரங்காத மாண்டோஸ் இரங்கிட்டான். 18ஆவது டிராக், 'வென் சாரோ சாங்', அந்த இடம்தான்.

இந்த லூத்தியன் எங்கேருந்து வந்தா? முதல் உலகப்போர் சமயம், யார்க்‌ஷயர்ல ரூஸ்ங்கிற கிராமத்துத் தோப்புல டோல்கீனுக்காக அவர் மனைவி எடித் ஆடினாங்க, பாடினாங்க. அந்த எடித் 1971ல போயிட்டாங்க. ஆக்ஸ்ஃபோர்டு உல்வர்கோட் கல்லறையில அவங்க பேருக்குக் கீழே ஒரு வார்த்தை பொறிக்கச் சொன்னாரு. 'லூத்தியன்'. 1973ல அவரும் போனாரு. அதே கல்லுல அவர் பேருக்குக் கீழே 'பெரன்'.

எதிரணி நண்பர் கையைத் தூக்குறாரு. "அது எழுத்தாளர் வச்ச பேரு, பாயிண்ட் எங்க அணிக்கு"ங்கிறாரு. எடுத்துக்கோங்க சார். எனக்குக் கணக்கு வேண்டாம். அந்தக் கல்லுல இருக்கிறவ பாடினவ.

மணி அடிச்சுட்டாங்க. வணக்கம்.