பனித்துளி எல்லாம் பனி இல்லைங்க: மார்கழிக் காலையில் ஒரு கொரங்காடு

(காட்சி: இருட்டு பிரியும் நேரம். தோட்டத்துச் சாளை. வாசலில் நிற்கும் பைக் சீட்டை ஒரு விரல் தடவ, தண்ணீர் வழிகிறது.)

மணி ஆறேகால். காங்கேயம் பக்கம் எங்க தோட்டம். மார்கழிக் குளிர்னு பேரு, 18, 20 டிகிரிதான் இருக்கும். அதுக்கே எங்கப்பா துண்டைக் காதோட சேர்த்துக் கட்டிக்குவாரு.

பைக் சீட்டு சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு. நாலடி தள்ளி, வேப்பமரத்தடியில கெடக்குற கயித்துக்கட்டில் காஞ்சு கெடக்கு. ராத்திரி மழை கிடையாது. சின்ன வயசுல வாசல்ல படுத்தா ஆத்தா விடாது. "பனி உழுகுது கண்ணு, மரத்தடிக்கு வா"ங்கும்.

உண்மையில பனி மேல இருந்து விழறதே இல்லைங்க. மேகமில்லாத ராத்திரியில புல்லு, தகரம், பைக் சீட்டு எல்லாம் தன்னோட சூட்டை வானத்தைப் பார்த்து விட்டுட்டு, சுத்தி இருக்குற காத்தைவிட சில்லுன்னு ஆயிருது. காத்துல இருக்குற ஈரம் அதுமேல பட்டுத் தண்ணியாகுது. மரத்தடியில அந்தச் சூடு மேல போக முடியாம இலைகள் தடுத்துக்குது. ஆத்தா காட்டுன இடம் சரி, காரணம்தான் வேற.

(காட்சி: கிளுவை வேலி ஓரமாகக் கேமரா மெதுவாக நகர்கிறது.)

இதுதான் கொரங்காடு. எங்க ஊர் மேய்ச்சல் காடு. சுத்தியும் கிளுவை வேலி, உள்ள கொழுக்கட்டைப்புல், நடுவுல அங்கங்க வெள்வேல மரம். சித்திரையில வந்தா கண்ணுக்கு ஒண்ணும் இருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழை குடிச்சதால இப்பப் பச்சை.

வேலியில எத்தனை சிலந்தி வலைன்னு எண்ணிப் பாருங்க. நேத்துச் சாயங்காலமும் இருந்துச்சு, நம்ம கண்ணுலதான் படல. வட்டவலையோட சுத்து நூல்ல இருக்குற பசை காத்துல இருந்து ஈரத்தை இழுக்கும். அதோட பனியும் சேர்ந்தா, நூல் முழுக்க மணி மணியாக் கோத்துக்குது.

(காட்சி: முதுகுக்குப் பின்னால் சூரியன். புல்வெளியில் நீளமான நிழல்.)

இப்ப சூரியனுக்கு முதுகைக் காட்டி நில்லுங்க. புல்லு மேல விழுற உங்க நிழல்ல, தலையைச் சுத்தி மட்டும் வெள்ளையா ஒரு ஒளி தெரியும். ஒவ்வொரு துளியும் சின்ன லென்ஸ் மாதிரி. வெயிலைக் குவிச்சு இலை மேல போடுது, இலை அதை வந்த வழிக்கே திருப்பி விடுது. அந்த வழியில இருக்குறது உங்க கண்ணு மட்டும்தான். பக்கத்துல எங்கப்பா நின்னா, அவருக்கு அவர் தலையைச் சுத்தித்தான் தெரியும். 16ஆம் நூற்றாண்டுல இத்தாலியில செல்லினின்னு ஒரு சிற்பி இதைப் பார்த்துட்டு, ஒளிவட்டம் தனக்கே கிடைச்ச பெருமைன்னு நம்பிட்டாரு. எங்கப்பாகிட்டக் காட்டினேன். "தண்ணி கட்டப் போடா"ன்னாரு.

(காட்சி: கிணற்றோரம், முழங்கால் உயர மக்காச்சோளம். இலை நுனியில் ஒரே ஒரு துளி, மிக நெருக்கத்தில்.)

இதைப் பனின்னு சொன்னா ஒத்துக்க மாட்டேன். இலை பூராவும் பொடியாப் படிஞ்சிருக்குறது பனி. நுனியில உருண்டையா நிக்குறது செடியே வெளிய விட்ட தண்ணி. ராத்திரியில இலைத்துளைகள் மூடிக்கும், வேர் மட்டும் தண்ணியை மேல தள்ளிக்கிட்டே இருக்கும். அது நுனியில இருக்குற துவாரம் வழியாக் கசியுது. சந்தேகம்னா சாயங்காலம் ஒரு செடி மேல பக்கெட்டைக் கவிழ்த்து வைங்க. காலையில பனி இருக்காது, நுனித்துளி இருக்கும். காஞ்ச பிறகு வெள்ளையா ஒரு உப்புத்தடம்கூட விட்டுட்டுப் போகும்.

(காட்சி: கிணற்றுக்குள் இருந்து எழும் ஆவி. பிறகு குப்பைமேடு.)

கெணத்துத் தண்ணி வருசம் பூரா ஏறக்குறைய ஒரே சூடு. மேல காத்து குளிர்ந்ததும் அது வெதுவெதுன்னு தெரியுது, ஆவி கிளம்புது. பக்கத்துல குப்பைமேட்டுலயும் ஆவி வருதுல்ல, அது வேற கதை: சாணியைத் தின்னுற நுண்ணுயிர்கள் உள்ள கிளப்புற சூடு. சில நாள் கை வைக்க முடியாது. வீடியோவுல வாசம் வராதுங்கிறது உங்க அதிர்ஷ்டம்.

(காட்சி: பட்டியில் ஆடுகள் படலை முட்டுகின்றன. ஓரத்தில் செந்நிறக் காங்கேயம் கன்று.)

செவலையா நிக்குற அந்தக் கன்னுக்குட்டி ஆறு மாசத்துல சாம்பல் நிறமாயிரும், அது எங்க ஊர் மாட்டோட வழக்கம்.

ஆடுங்க கத்துது, அப்பா படலைத் திறக்க மாட்டேங்குறாரு. புல்லுல பனி இருக்குற வரைக்கும் குடல்புழுவோட குஞ்சுங்க அந்த ஈரத்துல நீந்தி நுனி வரைக்கும் ஏறி நிக்கும். வெயில் ஏறிக் காஞ்சா கீழ இறங்கிரும். அதனால அதுவரைக்கும் இந்தக் காடு எனக்கும் சிலந்திக்கும்தான்.

(காட்சி: அப்பா குனிந்து புல்லைக் கையால் தடவிப் பார்க்கிறார். உள்ளங்கையை வேட்டியில் துடைக்கிறார்.)

மணி எட்டரை. இன்னும் ஈரம்தானாம்.