ஒரு வரி மாறியதா?

அவையில் கூடியிருக்கும் நண்பர்களுக்கு வணக்கம்.

ஜப்பானிய அனிமேஷன் தொடரான அனிமேயைப் பார்த்து முடித்ததும் "என்ன ஒரு அனிமேஷன்!" என்று வியக்கிறோம். வரைந்தவரின் உழைப்பு வேறு, கதை கட்டியவரின் உழைப்பு வேறு. எழுதப் பழகுகிறவர்கள் இரண்டையும் பிரித்தே எடைபோட வேண்டும். அதற்கு என்னிடம் ஒரு சோதனை உண்டு. எபிசோட் முடிந்ததும் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: இனி பழையபடி ஆகாது என்னும்படி இதில் எது மாறியது? "சண்டை நடந்தது" என்பது மாற்றம் அல்ல. "தம்பி இனி அண்ணனை நம்பமாட்டான்" என்பது மாற்றம்.

கணக்கையும் பாருங்கள். டிவி எபிசோட் ஏறக்குறைய 24 நிமிடம். தொடக்கப் பாட்டுக்கும் முடிவுப் பாட்டுக்கும் ஒன்றரை நிமிடம் வீதம் போனால் மீதி 21. ஜப்பானில் 'கூர்' என்று சொல்லும் மூன்று மாத ஒளிபரப்பில் 12 அல்லது 13 எபிசோட்தான். ஆக, கதைக்குக் கிடைப்பது நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல். பன்னிரண்டில் மூன்று வரி காலியாக நின்றால் கால்வாசிக் கதை காணோம் என்று பொருள்.

பல அனிமேக்களுக்கு மூலம் 'மாங்கா' எனும் ஜப்பானியப் படக்கதை. வார இதழில் வரும் மாங்காவை அனிமே துரத்திப் பிடித்துவிடும்போது, மூலத்தில் இல்லாததை இட்டு நிரப்பும் ஃபில்லர் எபிசோட் முளைக்கிறது. ஃபில்லரையாவது தாண்டிப் போய்விடலாம். ஒரே முறைப்பை, ஒரே ஃபிளாஷ்பேக்கைத் திரும்பத் திரும்பக் காட்டி இழுப்பதைத்தான் நான் மன்னிப்பதில்லை.

அடுத்தது விதி. கதை தானே போட்ட விதி, நாயகனுக்குக் கை கொடுப்பதோடு அவன் காலையும் வார வேண்டும். 'டெத் நோட்' இரண்டாம் எபிசோடை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரை எழுதினால் ஆளைக் கொல்லும் நோட்டு ஒன்று லைட் என்ற மாணவன் கையில் இருக்கிறது. கொல்வதற்குப் பெயரும் முகமும் தெரிந்திருக்க வேண்டும் என்பது விதி. அவனைத் தேடும் துப்பறிவாளன் 'எல்', தன் பெயரில் ஒரு மரண தண்டனைக் கைதியை டிவியில் பேச வைக்கிறான். லைட் ஆத்திரத்தில் அந்தக் கைதியின் பெயரை எழுதிவிடுகிறான்; கைதி திரையிலேயே சாகிறான். அந்த ஒளிபரப்பு ஜப்பானின் கான்டோ வட்டாரத்தில் மட்டுமே போனது! கொலையாளி இருக்கும் வட்டாரம் அந்த நொடியே தெரிந்துவிட்டது. முகம் காட்டாத 'எல்'-ஐ லைட்டால் தொட முடியவில்லை. புதிய சக்தி எதுவும் வரவில்லை; பழைய விதியே வலை விரித்தது. கடைசி நேரத்தில் புதுச் சக்தி முளைக்கும் கதைகளை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

விலையும் அப்படித்தான். 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' கதையில் ஒன்றைப் பெற அதற்குச் சமமான ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். இறந்த தாயை மீட்கப் போய் அண்ணன் எட்வர்ட் காலை இழக்கிறான், தம்பி அல்போன்ஸ் முழு உடலையும் இழக்கிறான். தம்பியின் உயிரைக் கவசத்தில் கட்ட அண்ணன் கையையும் கொடுக்கிறான். அதற்குப் பதிலாகப் பொருத்திய இரும்புக் கை தொடர் நெடுக நம் கண்முன் வந்துகொண்டே இருக்கிறது. இழப்பை அடுத்த வாரமே மறக்கிற கதைக்கு நான் பாதி மதிப்பெண்தான் தருவேன்.

இதே கதை 2003-இல் 51 எபிசோடாக வந்தபோது மாங்கா முடிந்திருக்கவில்லை. அனிமே தன் வழியில் போனது. 2009-இல் தொடங்கிய 64 எபிசோட் தொடர் மாங்காவை ஒட்டிச் சென்றது. மாங்காவிலிருந்து விலகியதற்காக முதல் தொடரின் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். முதல் எபிசோட் எழுப்பிய கேள்விக்கு, தன் சொந்த விதிப்படியே கடைசி எபிசோட் பதில் சொல்கிறதா என்று இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.