பேர் போடேல்லைத்தானே

வணக்கம் நேயர்களே. பாலியல் குற்றங்களைச் செய்தியாக எழுதும்போது கவனிக்க வேண்டியவை பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். காலைச் சாப்பாட்டு நேரத்தில் இதென்ன பேச்சு என்று சிலர் ரேடியோவின் சத்தத்தைக் குறைக்கக்கூடும். குறைக்கத் தேவையில்லை. பிள்ளைகள் பக்கத்தில் இருந்தாலும் பரவாயில்லை, காது கூசும்படி எதுவும் சொல்லப்போவதில்லை.

நான் சட்டத்தரணியாக இருந்து ஓய்வுபெற்றவன். எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் நிர்வாகத்திலும் இருக்கிறேன். இன்றைய பேச்சுக்கு அந்த இரண்டாவது தகுதிதான் கூடுதலாக உதவும். எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். ஏன் என்பது போகப்போக விளங்கும்.

வாசிகசாலைப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். காலையில் கதவு திறந்ததும் ஓய்வுபெற்றவர்கள் வந்துவிடுவார்கள். ஒருவர் உரத்து வாசிப்பார். கண்ணாடி கொண்டுவராதவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். முதலில் மரண அறிவித்தல், அப்புறம்தான் மற்றதெல்லாம். அப்படி ஒருநாள் உள்பக்கத்தில் ஒரு சின்னச் செய்தி. பாலியல் வன்கொடுமைக்கு உள்ளான ஒரு சிறுமியைப் பற்றியது. வயது இருந்தது. கிராமத்தின் பெயர் இருந்தது, எங்களுக்கு அடுத்த கிராமம். எந்தத் தரத்தில் படிக்கிறாள் என்று இருந்தது. தகப்பன் வெளிநாட்டில் என்று இருந்தது. சந்தேகநபர் தாயின் சகோதரன் என்றும் இருந்தது. இந்த விபரங்களையும் நான் கொஞ்சம் மாற்றித்தான் சொல்கிறேன், தேடிப் பார்க்க வேண்டாம். பிள்ளையின் பெயர் மட்டும் செய்தியில் இல்லை.

வாசித்தவர் பேப்பரை மடிக்கவில்லை, அதற்குள் ஆராய்ச்சி தொடங்கிவிட்டது. "அந்தப் பள்ளிக்கூடத்தில அந்த வகுப்பில எத்தினை பொம்பிளைப் பிள்ளையள் இருக்கப்போகுதுகள்?" என்றார் ஒருவர். "தேப்பன் வெளியில எண்டால் ரெண்டு வீடுதான்" என்றார் இன்னொருவர். "அதில ஒரு வீட்டுக்கு மாமன்காரன் இல்லையே." அவ்வளவுதான். அதே பேப்பரில் வரும் குறுக்கெழுத்தை நிரப்புவதுபோல, தேத்தண்ணி ஆறுவதற்குள் வீடு வந்துவிட்டது, ஒழுங்கை வந்துவிட்டது, பேத்தியாரின் பெயர்கூட வந்துவிட்டது.

அவர்கள் கெட்ட மனிதர்கள் என்று நினைக்காதீர்கள். அந்தப் பிள்ளைக்கு ஒன்று என்றால் முதலில் ஓடிப்போகிறவர்களும் அவர்கள்தான். நான் மெதுவாக, "மாஸ்டர், இதை இதோட விடுவம்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "நாங்கள் என்ன புதுசாச் சொன்னனாங்கள்? எல்லாம் பேப்பரில கிடக்குதுதானே."

மாஸ்டர் சொன்னது சரி. எல்லாம் பேப்பரில்தான் கிடந்தது. சில நாள் கழித்து அந்தச் செய்தியை எழுதிய தம்பியை ஓரிடத்தில் கண்டு கேட்டேன். நல்ல பிள்ளை, வலு மரியாதையாகச் சொன்னார்: "ஐயா, பேர் போடேல்லைத்தானே."

இந்த ஒரு வசனத்துக்காகத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் 365சி என்று ஒரு பிரிவு இருக்கிறது. 1995 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தோடு வந்தது. பாலியல் குற்றத்துக்கு உள்ளானவரின் பெயரை வெளியிடக் கூடாது என்கிறது. அத்தோடு நிற்கவில்லை. அவர் யாரென்று தெரியவைக்கக்கூடிய எந்த விடயத்தையும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பாதிக்கப்பட்டவரே எழுத்தில் அனுமதி கொடுத்தால் வேறு கதை. ஆக, பெயரை எடுத்துவிட்டு ஊரையும் வகுப்பையும் உறவுமுறையையும் வைத்தால் சட்டத்தின் பாதியைத்தான் வாசித்திருக்கிறோம்.

யாழ்ப்பாணத்தில் இது இன்னும் கடினம். கொழும்பில் ஒரு வீதியின் பெயரைப் போட்டால் ஆயிரம் குடும்பம். இங்கே ஒரு குறிச்சியைச் சொன்னால் முப்பது வீடு, அந்த முப்பதும் சொந்தக்காரர். தனிச் செய்தி ஒன்று கவனமாக எழுதப்பட்டிருந்தாலும், ஒரு பேப்பர் கிராமத்தைப் போடும், இன்னொன்று பாடசாலையைப் போடும், யூடியூப்காரர் வீட்டுப் படலையைக் காட்டுவார். மூன்றையும் பார்க்கிறவர் ஒருவர்தானே. சந்தேகநபர் உறவினர் என்றால் அவருடைய பெயரைப் போடுவதே பிள்ளையின் பெயரைப் போடுவதுதான். அந்த இடத்தில் பெயரை விடுங்கள், அல்லது உறவை விடுங்கள். இரண்டும் சேரக்கூடாது. திரும்பச் சொல்கிறேன், இரண்டும் சேரக்கூடாது.

"அப்ப புங்குடுதீவு?" என்று யாரோ கேட்பது எனக்குக் கேட்கிறது. 2015 மே மாதம் அந்தத் தீவில் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாகிக் கொல்லப்பட்ட மாணவியின் பெயரும் படமும் நாடு முழுக்கத் தெரியும். மாணவர்கள் வீதிக்கு வந்தார்கள், கடைகள் பூட்டப்பட்டன, 2017 செப்டெம்பர் 27 அன்று யாழ்ப்பாணத்தில் மூன்று நீதிபதிகள் கொண்ட மன்று ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தது. அந்த முகம் தெரிந்திராவிட்டால் சனம் அவ்வளவு கொதித்திருக்குமா என்பது நியாயமான கேள்வி. அதில் நான் யாரையும் குறை சொல்ல வரவில்லை. ஆனால் இன்றுவரை அந்த வழக்கைப் பிள்ளையின் பெயரால்தான் அழைக்கிறோம். தண்டிக்கப்பட்ட ஏழு பேரின் பெயரைச் சொல்லுங்கள் என்றால் வாசிகசாலையில் ஒருவருக்கும் முழுதாக வராது. அதோடு, உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு நாளைக்கும் அதே வகுப்பில் போய் இருக்க வேண்டும். எங்கள் அடுத்த கிராமத்துப் பிள்ளை அடுத்த தவணை அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை.

சரி, சொற்களுக்கு வருவோம். கற்பு, சீரழிவு, வாழ்க்கை நாசம் என்றெல்லாம் தலைப்புப் போடும்போது தீர்ப்பு அந்தப் பிள்ளைக்குத்தான் எழுதப்படுகிறது. செய்தவனைத் தலைப்பில் தேடினால் காணக் கிடைக்காது. கிடைத்தாலும் "காமுகன்", "மிருகம்" என்று இருக்கும். இது எனக்குப் பிடிக்காத பழக்கம். மிருகம் என்று எழுதினால் சனம் பற்றைக்காட்டுப் பக்கம் பார்க்கும். நான் வழக்குகளில் கண்டவர்கள் அநேகமாக வீட்டுக்கு வந்துபோகிறவர்கள், ரியூசன் சொல்லிக்கொடுக்கிறவர்கள், கோயிலில் முன்வரிசையில் நிற்கிறவர்கள். தீர்ப்பு வரும்வரை சந்தேகநபர், வந்த பின் குற்றவாளி. நீதிமன்றத்துக்கு அது போதும், பேப்பருக்கும் போதும்.

அப்புறம் "காதலனுடன் சென்ற 15 வயதுச் சிறுமி" என்ற தலைப்பு. 1995 திருத்தத்தோடு சம்மத வயது 12 இலிருந்து 16 ஆனது. அதற்குக் கீழே பிள்ளை சம்மதித்தாளா என்ற பேச்சே எழாது, சட்டத்தில் அது வல்லுறவு. அதைக் காதல் கதையாக எழுதினால் அவனுடைய எதிர்வாதத்தை நாங்கள் இலவசமாக எழுதிக் கொடுத்ததாகிறது.

கண்ணாடிக்கு அங்கால் இருந்து தங்கச்சி விரலைக் காட்டுகிறா. ஆண்பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வைத்திருந்தேன், அவர்களைப் பற்றிய செய்தி பகிடியோடு வருவதைப் பற்றி. நேரமில்லை. முகநூலில் பகிர்வதும் வெளியிடுவதுதான், அதையும் ஒரு வரியில் விடுகிறேன். நிருபர்களிடம் ஒன்று கேட்கிறேன்: இப்படியான செய்தி எழுதினால் அடியில் உதவிக்கு அழைக்கும் இரண்டு தொலைபேசி இலக்கங்களையும் போடுங்கள். சிறுவர்களுக்கு 1929. பெண்களுக்கு 1938. பேனை எடுக்கப் போனவர்களுக்காக மறுபடியும்: சிறுவர்களுக்கு 1929, பெண்களுக்கு 1938. நன்றி, வணக்கம்.