வரைந்தவரே களத்திலும் நிற்கட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் ஒரு சிறிய கட்டட வடிவமைப்பு நிறுவனம் நடத்துகிறேன். வீடு, பள்ளிக்கூடம், சின்ன மருத்துவமனை, இவைதான் எங்கள் வேலை. இந்த மாதம் எங்களோடு புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறார். ஆர்க்கிடெக்ட், திட்ட மேலாளர் என்று இரண்டு பொறுப்பும் அவருக்கு. வாடிக்கையாளர்களுக்கு அவரை அறிமுகம் செய்தபோது ஒருவர் கேட்டார்: "பிளான் போடுறவங்க வேற, வேலையைப் பார்க்கிறவங்க வேறதானே? ரெண்டும் ஒரே ஆளா?" இந்தப் பத்து நிமிடத்தை அந்தக் கேள்விக்கே தந்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

பதிலை அகமதாபாத்தில் தொடங்க வேண்டும்.

1951-இல் பால்கிருஷ்ண தோஷி என்ற புனே இளைஞர் பாரிஸில் உலகப் புகழ்பெற்ற ஆர்க்கிடெக்ட் லெ கொர்பூசியேயின் அலுவலகத்தில் சேர்ந்தார். சண்டிகர் நகரத்துக்கான வரைபடங்கள் அங்கேதான் உருவாகிக்கொண்டிருந்தன. தோஷிக்குப் பிரெஞ்சு தெரியாது. முதல் எட்டு மாதம் சம்பளமும் கிடையாது. இதைப் பெரிய தியாகமாகப் பலர் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. படித்து முடித்து வரும் பிள்ளையைச் சம்பளம் இல்லாமல் வேலை வாங்குவது அன்றைக்கும் தவறு, இன்றைக்கும் தவறு. நான் சொல்ல வருவது அதற்கு அப்புறம் நடந்ததை.

1954-இல் தோஷி இந்தியா திரும்பினார். அகமதாபாத்தில் லெ கொர்பூசியேயின் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. அவற்றைக் களத்தில் நின்று பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. வரைந்த குரு பாரிஸில் இருக்கிறார், கடிதம் போய்ப் பதில் வர நாளாகும். ஆனால் கான்கிரீட் கலந்துவிட்டால் காத்திருக்காது.

சபர்மதிக் கரையில் உள்ள ஆலை அதிபர்கள் சங்கக் கட்டடத்தைப் பாருங்கள். மேற்கே சாலை, கிழக்கே ஆறு. மாலை வெயில் நேராக உள்ளே விழாதபடி மேற்கு முகப்பில் கான்கிரீட் தடுப்புகளைச் சாய்வாக நிறுத்தியிருக்கிறார்கள். அவற்றின் மேல் பூச்சு இல்லை. கான்கிரீட்டை ஊற்ற அச்சாக அடிக்கும் சென்டரிங் பலகையின் தடம் அப்படியே தெரியும். பூச்சு இருந்தால் தப்பை மூடிவிடலாம், இங்கே அந்த வசதி கிடையாது. பலகையின் இணைப்பு எங்கே வர வேண்டும், கான்கிரீட்டை எவ்வளவு குத்தி இறக்க வேண்டும் என்பதெல்லாம் களத்திலேயே முடிவாக வேண்டியவை. அந்தத் தடுப்பு ஏன் சாய்ந்திருக்கிறது என்று தெரிந்தவர் அங்கே நிற்பதற்கும், அளவை மட்டும் தெரிந்தவர் நிற்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

அதே ஊரில் ஷோதன் இல்லம் என்று ஒரு வீடு. முதலில் ஹத்தீசிங் என்பவருக்காக லெ கொர்பூசியே வரைந்தது. அவர் வரைபடத்தை ஷோதன் என்பவருக்கு விற்றுவிட்டார். வீட்டுக்காரரும் வேறு, மனையும் வேறு. இப்படி ஒரு மாற்றம் வரும்போது எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடவே கூடாது என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

அனந்த் ராஜே என்ற ஆர்க்கிடெக்டையும் சொல்லாமல் போக முடியாது. 1960களில் இவர் அமெரிக்காவில், பிலடெல்பியாவில் இருந்த புகழ்பெற்ற ஆர்க்கிடெக்ட் லூயி கானின் அலுவலகத்தில் சேர்ந்தார். அகமதாபாத்தில் உள்ள ஐ.ஐ.எம். என்ற மேலாண்மைக் கல்வி நிறுவனத்தின் வளாகம் கான் வடிவமைத்தது. வெறும் செங்கல் சுவர்கள், பெரிய பெரிய வளைவுகள். தட்டையான வளைவு பக்கவாட்டில் விரிந்துவிடாமல் இருக்க, குறுக்கே கான்கிரீட் விட்டத்தால் இழுத்துப் பிடித்திருப்பார்கள். ராஜே ஊர் திரும்பி அந்த வேலையைக் கவனித்துக்கொண்டார். 1974 மார்ச்சில், இந்தியாவிலிருந்து திரும்பும் வழியில், நியூயார்க் ரயில் நிலையத்தில் கான் இறந்துபோனார். வளாகத்தில் வேலை பாக்கி இருந்தது. ராஜேதான் அதை மேலே கொண்டுபோனார், சில கட்டடங்களைத் தானே வடிவமைக்கவும் செய்தார். கானின் மேசையில் உட்கார்ந்து வரைந்ததும், செங்கல் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்ததும் ஒரே ஆளாக இருந்ததால்தான் அது முடிந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நம் ஊர் வேலைக்கு வருவோம். நாங்கள் கட்டுவது சின்னக் கட்டடங்கள், ஆனால் சிக்கல் ஒன்றுதான். ரூஃப் கான்கிரீட் போடுவதற்கு முந்தைய நாள் சாயங்காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பி கட்டி முடிந்திருக்கும். எலக்ட்ரீசியன் பைப் ஓட்டி, ஃபேன் பெட்டி வைத்திருப்பார். கம்பி பலகையில் படாமல் தூக்கிப் பிடிக்கும் சின்னக் கட்டை, அதாவது கவர் பிளாக், கம்பிக்குக் கீழே சரியாக இருக்கிறதா? கழிவறை வருகிற இடத்தில் தளத்தைத் தாழ்வாக அமைத்திருக்கிறார்களா? கழிவுநீர்க் குழாய் இறங்க ஓட்டை விட்டிருக்கிறார்களா? அந்த ஓட்டையை விட மறந்தால், அப்புறம் யாராவது மெஷினோடு வந்து பீமைத் துளைப்பார்கள். கம்பி அறுபடும். டைல்ஸ் ஒட்டிய பிறகு அது யார் கண்ணுக்கும் தெரியாது. அந்த வீட்டில் குடியிருக்கப் போகிறவர்களை நினைத்தால் எனக்குப் பதறும்.

கான்கிரீட் போட்ட பிறகும் அவசரம் ஆகாது. சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்ட் என்றால் குறைந்தது 7 நாள் ஈரம் காய விடக் கூடாது, வறண்ட வெயிலில் 10 நாள் என்கிறது ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதி. தாங்கும் சுவர்களுக்கோ பீம்களுக்கோ இடையே நாலரை மீட்டருக்கு மேல் இடைவெளி உள்ள தளத்துக்கு முட்டுகளை 14 நாள் எடுக்கக் கூடாது. இந்த நாட்களைக் கால அட்டவணையில் முதலிலேயே போட்டு வைப்பது திட்ட மேலாளரின் வேலை. ஐப்பசி, கார்த்திகை மழைக்குள் அஸ்திவாரம் தோண்டி மாட்டிக்கொள்ளாமல் பார்ப்பதும் அவர்தான். பொங்கலுக்கு நம் ஆட்கள் ஊருக்குப் போவார்கள், சத் பூஜைக்கும் ஹோலிக்கும் பீகார்த் தம்பிகள் போவார்கள். அவர்கள் குடும்பத்தைப் பார்க்கப் போவது நியாயம்தானே. அதற்குத் தகுந்தபடி வேலையைப் பிரித்துப் போட வேண்டும்.

இத்தனையும் பார்க்கிறவருக்கு வரையத் தெரியாவிட்டால், நாள் தள்ளிப்போகும்போது முதலில் வடிவமைப்பைத்தான் வெட்டுவார். சன்ஷேடைக் குறைப்பார், முற்றத்தை மூடுவார். வரைந்தவருக்குக் கணக்குத் தெரியாவிட்டால் வீட்டுக்காரர் கடனில் மூழ்குவார். இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன்.

அதனால் புதிதாக வந்தவருக்கு முதல் நாளே ஓர் உரிமை கொடுத்தோம். சரியில்லை என்று பட்டால் கான்கிரீட் வண்டி வாசலில் நின்றாலும் வேலையை நிறுத்தலாம். என்னிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. எங்கள் மேஸ்திரி முப்பது வருட அனுபவம் உள்ளவர். அவரிடம் இதைச் சொன்னபோது, "நிறுத்தட்டும் சார், ஆனா ஏன்னு எனக்கும் சொல்லட்டும்" என்றார். அதுவும் ஒப்பந்தத்தில் சேர்ந்துவிட்டது. இப்போது நிறுத்துகிற ஒவ்வொரு வேலைக்கும் அவர்கள் இருவரும் வரைபடத்தை விரித்துப் பேசிக்கொள்கிறார்கள்.

வீடு கட்டிக்கொண்டிருக்கும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜன்னலை நகர்த்த வேண்டும், ஓர் அறையைப் பெரிதாக்க வேண்டும் என்று தோன்றினால் தயங்காமல் கேளுங்கள். உங்கள் வீடு, நீங்கள் கேட்கத்தான் வேண்டும். கொத்தனாரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போகாமல், உங்கள் வேலையைப் பொறுப்பாகப் பார்க்கும் அந்த ஒருவரிடம் எழுத்தில் கொடுங்கள். சுவர் எழும்புவதற்கு முன்பே கொடுத்தால் செலவும் குறைவு.

நன்றி, வணக்கம்.