சௌஃபேயுஸின் கப்பலில் கலந்துபோன கோதுமை

வணக்கம் நேயர்களே. ரோமானியர் காலத்தில் கடல்வழியே சரக்கு அனுப்பியவர்கள் செய்துகொண்ட ஒப்பந்தங்களை இன்று பார்க்கவிருக்கிறோம். முசிறி ஒப்பந்தம் என்று நம்மிடையே பேசப்படும் பாப்பிரஸ் ஏடு கடனைப் பற்றியது. ஆகவே அதை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

சரக்கேற்றுவதற்கென்று ரோமானியச் சட்டத்தில் தனி ஒப்பந்த வகை கிடையாது. வீட்டை வாடகைக்கு விடுவதற்கும் கூலிக்கு வேலை கொடுப்பதற்கும் பயன்பட்ட ‘லொகாட்டியோ கண்டுக்டியோ’ என்ற வகையிலேயே கப்பல் சரக்கையும் அடக்கிவிட்டார்கள். இதனால் எழுந்த சிக்கலை, கி.மு. முதலாம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் அல்ஃபேனுஸ் வாருஸ் ஆராய்ந்த ஒரு வழக்கு நன்றாகக் காட்டுகிறது.

சௌஃபேயுஸ் என்பவரின் கப்பலில் வணிகர்கள் பலர் தங்கள் கோதுமையை ஒரே குவியலாகக் கொட்டியிருந்தார்கள்; அதிலிருந்து ஒருவருக்கு மட்டும் அவருடைய பங்கை அளந்து கொடுத்த நிலையில் கப்பல் அழிந்துபோனது. மற்றவர்கள் கப்பல்காரர்மீது வழக்குத் தொடுக்கலாமா என்று கேட்டார்கள். சலவைக்காரரிடம் கொடுத்த துணி அதே துணியாகவே திரும்பவேண்டும். மோதிரம் செய்யப் பொற்கொல்லரிடம் கொடுத்த தங்கமோ அதே வகைத் தங்கமாகத் திரும்பினால் போதும் என்று அல்ஃபேனுஸ் பிரித்துக்காட்டினார். குவியலாகக் கொட்டிய கோதுமை இரண்டாம் வகை என்பதால் அது கப்பல்காரருக்கே உரியதாகிவிட்டது; ஆகவே தவறு செய்திருந்தால் மட்டுமே அவர் பொறுப்பாவார். ஒருவருக்குக் கொடுத்தது தவறாகாதா? யாருக்காவது முதலில் கொடுத்துத்தானே ஆகவேண்டும் என்பது அல்ஃபேனுஸின் பதில். பலகையடித்துத் தனித்தனியாக வைத்திருந்தால் நிலைமையே வேறு. அப்போது தன் கோதுமை பிறர் கைக்குப் போனவர் அதை மீட்கலாம். எனக்கு இத்தீர்ப்பில் பிடித்தது இந்த நடைமுறை அறிவுதான்.

எனினும் எல்லாக் கப்பல்காரர்களும் இவ்வளவு எளிதில் தப்பிவிடவில்லை. பொருளைப் பத்திரமாகத் திருப்பித் தருவதாக ஏற்றுக்கொண்ட மாலுமியும், விடுதிக்காரரும், லாயக்காரரும் தம்மீது தவறே இல்லாவிட்டாலும் இழப்பை ஈடுகட்டவேண்டும் என்று பிரீட்டர் என்ற நீதி அதிகாரியின் அறிவிப்பு கூறியது. கப்பல் மூழ்குவதற்கும் கடற்கொள்ளைக்கும் மட்டும் விலக்கு அளிக்கலாம் என்று சட்ட அறிஞர் லபேயோ சேர்த்தார்.

புயலில் கப்பலைக் காக்கச் சரக்கைக் கடலில் எறிந்தால், அந்த இழப்பைக் கப்பல் உரிமையாளரும் தப்பிய பொருள்களுக்கு உரியவர்களும் விகிதப்படி பகிர்ந்துகொள்ளவேண்டும். இது ரோட்ஸ் தீவின் வழக்கமாக வந்தது. எறிந்த சரக்குக்கு வாங்கிய விலை, தப்பிய சரக்குக்கு விற்கக்கூடிய விலை என்று கணக்கிட்டார்கள். பயணியின் மோதிரம்கூடக் கணக்கில் சேரும். சுதந்திரமான மனிதரின் உயிருக்கு மட்டும் விலை மதிப்பதில்லை.

அடிமைகளோ சரக்குதான். வழியில் இறந்த அடிமைக்குக் கப்பல் கூலி இல்லை என்று லபேயோ எழுத, ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்குப் பின் வந்த சட்ட அறிஞர் பவுலுஸ் அதைத் திருத்தினார்: ஏற்றப்பட்ட அடிமைகளின் எண்ணிக்கைக்குக் கூலியா, கொண்டுசேர்க்கப்பட்டவர்களின் எண்ணிக்கைக்குக் கூலியா என்று ஒப்பந்தத்தைப் பார்க்கவேண்டும், அது தெளிவாக இல்லையென்றால், ஏற்றியதைக் கப்பல்காரர் நிரூபித்தாலே போதும்.